மூத்த மருமகளின் மூக்கு

அந்த ரொட்டிக்கடையில் மூத்த மருமகளுக்குப் பட்டப்பெயரே 'மூக்கு'தான். மாவோ வெண்ணெயோ பாலோ, அவள் மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுப்படிக்குப் போகும். பன்னிரண்டு வருடமாகச் சரக்கறைச் சாவி அவள் இடுப்பில் தொங்குவதும் அந்த மூக்கின் தயவில்தான்.

போன மாதம் வீடு முழுக்க ஒரு காய்ச்சல் சுற்றி வந்தது. போகிற போக்கில் அது அவளுடைய மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இதைப் புருஷனிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் சாவி ஓரகத்தியின் இடுப்புக்குப் போய்விடுமே என்று பயம். மூன்று வாரமாக வந்ததெல்லாம் புதுச் சரக்கு என்பதால், சும்மா மோந்து சும்மா தலையாட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் ஓரகத்தியே சரக்கறை மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கி அவள் முன்னால் வைத்தாள். பக்கத்து அறை அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

"மக்காச்சோள மாவுக்கா, பின்னாடி கெடந்துச்சு. புது மாவு நாளைக்குத்தான் வருமாம். சாயங்காலம் விடுதிக்கு அறுபது ரொட்டி போகணும். இது ஆகுமான்னு பாருங்க."

டப்பாவில் தேதி எழுதி ஒட்டிய சீட்டு பாதி இல்லை. தானாகக் கிழிந்ததா, இவள் கிழித்ததா?

"எப்ப வாங்கினது?"

"எனக்கு எப்படித் தெரியும்? சாவி உங்ககிட்டதானே இருக்கு."

சாவி! வார்த்தையை எங்கே கொண்டுவந்து வைக்கிறாள் பார் என்று மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

மாவை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். புழு இல்லை, வண்டு இல்லை, நூலாம்படை கட்டவில்லை. ஈரமோ கட்டியோ இல்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் குனிந்து நீளமாக மூச்சை இழுத்தாள். வெறும் காற்று.

"நீ மோந்து பாத்தியா?"

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு." சொன்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பொய் சொல்கிறாள், சந்தேகமே இல்லை. கெட்ட மாவை நல்லது என்று என் வாயால் சொல்ல வைத்து, மாமியாரிடம் மாட்டிவிடப் பார்க்கிறாள். மூத்தவளுக்குக் காது வரை சூடு ஏறியது. இருடி உன்னை, என்று கருவிக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டாள். நாக்கு இன்னும் அவள் பேச்சைக் கேட்டது. மாவு கசந்தது, தொண்டை வரை கசந்தது.

"இந்தா, நீயும் போட்டுப் பாரு."

சின்னவள் முகம் கோணியது.

"இவ்வளவு கெட்டுப்போனது உன் மூக்குக்குத் தெரியலையா? யாரை ஏமாத்தப் பாக்குற?"

சின்னவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "எனக்கு வாசனையே தெரியலக்கா. காய்ச்சலுக்கப்புறம் ஒண்ணுமே தெரியல. அத்தைக்குத் தெரிஞ்சா அடுப்படியில விடமாட்டாங்க. என்னிக்கு நீங்க கண்டுபிடிச்சுடுவீங்களோன்னு தெனம் செத்துப் பொழைக்கிறேன். நல்லவேளை, உங்க மூக்காவது இருக்கு."

மூன்று வாரமாக இந்தப் பெண்ணைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்ததை நினைத்து மூத்தவளுக்கு வெட்கமாக இருந்தது. அடிப்பாவி, நீயுமா என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

அதற்குள் கடைமுன் பக்கமிருந்து மாமியார் ஓடிவந்தார். அடுப்பைத் திறந்து, கரிக்கட்டையாகிப்போன ரொட்டித் தட்டை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, சரக்கறை வாசலில் வந்து நின்றார்.

"கருகுற நாத்தம் தெருவரைக்கும் வருது! பக்கத்துலயே நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் என்னடி பண்றீங்க?"

சின்னவள் மெதுவாகத் திரும்பி மூத்தவளைப் பார்த்தாள். "அக்கா... உங்களுக்குமா?"

மூத்தவளின் கை தானாகப் போய் இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டது. மாமியார் அதையும் பார்த்துவிட்டார்.