ஃபார்மேட் செய்யட்டுமா?

‘இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை. இப்போது செய்யட்டுமா?’

கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது. லேப் அட்டெண்டர் முனியப்பன் மவுஸை ‘யெஸ்’ பக்கம் நகர்த்தினார். யமுனா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“அழிச்சிடாதீங்க. என் புராஜெக்டே அந்த பிளாப்பிலதான் இருக்குது.”

“உள்ள ஒண்ணுமே இல்லன்னு மெஷினே சொல்லுதேம்மா.”

காலை பத்தேகால். திருப்பதியில் எம்.சி.ஏ. படித்த மூன்று வருடங்களும் இன்றைய வைவாவில் வந்து நின்றிருந்தன. சித்தூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பாலசுந்தரம் பன்னிரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் புரோகிராமை ஓட்டிக் காட்டாவிட்டால் மறு தேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பெங்களூர் கம்பெனியோ அடுத்த திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லியிருந்தது.

இது யார் கைவரிசை என்று யமுனாவுக்குத் தெரியும். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

அண்ணன் கிரண்குமார், பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற ஒரு லினக்ஸ் சிடி அவனைப் பிடித்து ஆட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அண்ணனும் தங்கையும் தங்கியிருந்த அலிபிரி வீட்டு மெஷினில் இருந்து விண்டோஸைத் துரத்தினான். சோம்பேறிகளின் சாமான் என்று மவுஸையும் பிடுங்கிப் பரணில் எறிந்தான். பயோடேட்டா அடிக்க உட்கார்ந்த யமுனா, அவன் காட்டிய எடிட்டரிலிருந்து வெளியே வரும் வழி தெரியாமல் கடைசியில் சுவிட்சையே அணைத்தாள். அதற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினாள்.

“என் பிளாப்பியைத் தொட்டியா?”

“தொட்டேன். வைரஸ் இருந்திச்சி. துடைச்சி, லினக்ஸ் ஃபார்மேட் பண்ணி, உன் ஃபைலை எல்லாம் திரும்ப ஏத்தி வெச்சிருக்கேன். தங்கமாட்டம் இருக்கும்.”

“காலேஜ்ல எல்லாமே விண்டோஸ்ணா. அதால இதைப் படிக்க முடியாது.”

“அது காலேஜ் பண்ண தப்பு.”

“வீட்டு மெஷின்ல காப்பி இருக்குதா?”

“வேலை முடிஞ்ச பின்னாடி குப்பையை யாருனா வெச்சிக்கினு இருப்பாங்களா?”

யமுனா ரிசீவரால் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “இப்பவே கிளம்பி வா. இல்லன்னா ஊருக்கு, நகரிக்குப் போயி நைனாகிட்ட நீயே சொல்லிக்கோ.”

பதினொன்றரைக்குத்தான் வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து முனியப்பன் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

“முழு சிஸ்டமும் இதுக்குள்ள இருக்குது. விண்டோஸை இப்படி ஒரு பிளாப்பில அடக்கிக் காட்டுங்க பாக்கலாம்.”

“நான் லேப்பைப் பெருக்கறவன் சார்.”

அந்தப் பிளாப்பியைப் போட்டு மெஷினை மறுபடி ஓடவிட்டான். திரை கறுத்து, வெள்ளை எழுத்துகள் சரசரவென்று மேலே ஓடின. துறைத் தலைவி தாட்சாயணி பதறி எழுந்து வந்தார்.

“எவரும்மா ஈயன? யாரு இவரு? மெஷினை இன்னா பண்ணிட்டாரு?”

“ஒண்ணும் ஆகல மேடம். பாருங்க, ஒரு புரோகிராம்னா ஒரே ஒரு வேலை செய்யணும், அதை ஒழுங்கா செய்யணும். இவ புராஜெக்ட் எழுதின இந்த விஷுவல் பேசிக் இருக்குதே, இது பொம்மைக்கு பட்டன் தெச்சிக்கினு இருக்கிற...”

கடிகாரம் பதினொன்று ஐம்பதைக் காட்டியது. யமுனா அண்ணனை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

“நீ வாயால சொல்லு, நான் அடிக்கிறேன். எதுக்கு ஏன்னு விளக்கினே, அவ்ளோதான்.”

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் சொன்னான். யமுனா தன் பிளாப்பியை மாற்றிப் போட்டாள். மொத்தம் நாலே கட்டளைகள். டிரைவ் கரகரவென்று இழுத்தது. பதினொரு ஃபைல்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலேஜ் மெஷினின் ஹார்டு டிஸ்க்கில் இறங்கின. பிளாப்பியை உருவிக்கொண்டு மெஷினை அணைத்துப் போட்டாள். விண்டோஸ் சாவகாசமாக எழுந்து வந்தது.

பன்னிரண்டு பத்து. தேர்வாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவள் பின்னால் வந்து நின்றார். நகரி நெசவுக்காரர்களுக்காகச் சேலை டிசைன்களைத் தேடித்தரும் புரோகிராம் அது. மாங்காய் பார்டர் என்று அடித்தாள். ஆறு சேலைகள் திரையில் விரிந்தன.

“நல்லா இருக்குதும்மா. இதை ஏன் விஷுவல் பேசிக்ல எழுதினே?”

வாசலில் நின்ற கிரண்குமார் வாயைத் திறந்தான். யமுனா எழுந்து போய்க் கதவை அவன் முகத்துக்கு நேரே சாத்தித் தாழ்போட்டுவிட்டு வந்து பதில் சொன்னாள். பாலசுந்தரம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். நின்றபடியே மார்க் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வெளியே அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

“பாஸா?”

“பாஸ்.”

“பாத்தியா? லினக்ஸ் இல்லன்னா இன்னிக்கி உன் கதை இன்னா ஆயிருக்கும்?”

யமுனா பிளாப்பியைப் பைக்குள் போட்டு மூடினாள்.

“பெங்களூர்ல ஒரு மெஷின் வாங்கு. ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் நானே போட்டுத் தர்றேன்.”

“வா. சோறு துன்னு, ஊரைச் சுத்திப் பாரு. மெஷின் இருக்கிற ரூமைப் பூட்டிக்கினு சாவியை நான் ஆபீஸுக்கு எடுத்துக்கினு போயிடுவேன்.”

“பூட்டு இன்னாத்துக்கு?” என்றான் கிரண்குமார், அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில். “போன் லைன் ஒண்ணு இருந்தா போதும். திருப்பதில உக்காந்துக்கினே உன் மெஷினுக்குள்ள வந்துடுவேன்.”