இடுப்பு உயரம்

என் கணவருக்கு எதுவும் அரைகுறையாக இருக்கக் கூடாது. கேட்பதற்கு நல்ல குணம் மாதிரித்தான் இருக்கும். கூடவே குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொன்னால் வாஷரை மாற்றிவிட்டுப் போக மாட்டார். ஏன் சொட்டுகிறது என்று யோசிக்க ஆரம்பிப்பார். அவர் யோசித்து முடிக்கும்வரை குழாய்க்கடியில் வாளி வைத்து எடுப்பது என் வேலை.

அவர் ஆஸ்பத்திரிக் கட்டில்களைப் பழுது பார்ப்பவர். நான் ஒரு முதியோர் இல்லத்தில், எழுந்து நடமாட முடியாதவர்களைத் தூக்கி, புரட்டி, துடைத்துப் படுக்க வைப்பவள். தம்பி கட்டிலைப் பார்த்துக்கொள்கிறான், அவன் பெண்டாட்டி கட்டிலில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறாள் என்று என் நாத்தனார் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பாள், எனக்குத் தோள் வலிக்கும். வருஷக்கணக்காகத் தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்துவிட்டது. இனித் தூக்குகிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வதற்கு அவருக்கென்ன, வீட்டு வாடகையை அவரா கட்டப்போகிறார்?

கட்டிலின் பக்கவாட்டில் ஒரு கம்பித் தடுப்பு இருக்குமே, படுத்திருப்பவர் உருண்டு விழாமலிருக்க, அதுதான் என் தோளுக்குப் பிறவி விரோதி. அதை இறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை கொக்கியை இழுக்க, இன்னொரு கை தடுப்பைத் தாங்க. ஆனால் நம் கையில் ஏற்கெனவே ஒரு ஆள் சாய்ந்துகொண்டிருப்பார். அவரை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறு கையால் கொக்கியோடு மல்லுக்கட்ட வேண்டும். முடியாமல் போய், பல பேர் தடுப்பை இறக்கியே விட்டு, பேண்டேஜ் துணியால் குறுக்கே ஒரு கட்டுக் கட்டிவிடுவார்கள். அப்புறம் யாராவது விழுவார்கள்.

ஒரு நாள் வீட்டில் இரண்டு கையிலும் சூடான பாத்திரத்தோடு நின்றுகொண்டு, திறந்து கிடந்த இழுப்பறையை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி மூடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் கையை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை மூடு என்றார். மூடினேன். பாத்திரத்தைக் கீழே வைக்கவும் விடாமல் ஏழெட்டுத் தடவை மூட வைத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவருடைய தடுப்பு. வெளிப்பக்கம் ஒரு தகடு. அதை இடுப்பால் தள்ளினால் தடுப்பு மெதுவாகத் தானே இறங்கும். படுத்திருப்பவர் கைக்கு அது எட்டாது. நம் இரண்டு கையும் ஆளைப் பிடித்திருக்கலாம். முதலில் ஓர் அட்டையில் செய்து காட்டினார். எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

இதற்குக் காப்புரிமை வாங்கிவிட வேண்டும் என்று அதற்கென்று இருக்கும் ஓர் ஆலோசகர் அம்மாவைப் பார்க்கப் போனார். எனக்கு ஷிஃப்ட், கூடப் போக முடியவில்லை. திரும்பி வந்தவர், வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகைக்கு ஒரு பெரிய பூட்டாக வாங்கிப் போட்டார். எங்களிடம் கார் கிடையாது; பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் உள்ளே கிடந்தது. ஜன்னலுக்கு என் பழைய போர்வையைத் தொங்கவிட்டார். அந்த அம்மா இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, யாருக்கும் காட்டக் கூடாது, வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் உரிமை கேட்க முடியாது. இரண்டு, யோசனை யோசனையாக இருக்கும்போதே வந்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இடுப்பால் தள்ளித் திறக்கும் தடுப்பு என்று பொதுவாகக் கேட்டுவிடலாம், மெருகேற்றுவதைப் பிறகு தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் விஷயத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார். சொந்த அக்காவையே கொட்டகைப் பக்கம் விடவில்லை. நாத்தனார் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது விஷயம் அவர் காதில் ஏறவே இல்லை. அரைகுறையாக எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பார். சரியாக வரட்டும் என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அலுப்புத் தட்ட ஆரம்பித்தது.

யாருக்கும் காட்டக் கூடாது என்பதால் சோதனைக்கு நான் ஒருத்திதான். வேலை முடிந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் கொட்டகைக்கு வா என்பார். நாள் முழுக்கக் கட்டிலோடு போராடிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு கட்டில். கையில் மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, அதுதான் நோயாளி, நான் இடுப்பால் தள்ள வேண்டும். முதலில் டக்கென்று சத்தம் வந்தது. தூங்குபவர்கள் விழித்துக்கொள்வார்கள் என்று அதைச் சரிசெய்ய ஒரு மாதம். அப்புறம் ஸ்பிரிங் முரடு. அப்புறம் உயரம். தகட்டை ஒரு விரல்கடை ஏற்றுவார், தள்ளு என்பார். அரை விரல்கடை இறக்குவார், தள்ளு என்பார். அளவுநாடாவை என் இடுப்பெலும்பில் வைத்துத் தரையிலிருந்து அளப்பார். கல்யாணமான புதிதில்கூட மனுஷர் என் இடுப்பை இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

ஆலோசகர் அம்மா போன் பண்ணிக்கொண்டே இருந்தார். இவர் ஒரு வாரம் என்பார். அது எத்தனையாவது ஒரு வாரம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

இதில் எனக்கு என்ன என்றால், கட்டில் செய்யும் கம்பெனியின் விற்பனைக்காரர் ஒருவர் இவருக்குப் பழக்கம். காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பொருள் நன்றாக இருந்தால் எங்கள் கம்பெனி எடுத்துக்கொள்ளும், வருஷா வருஷம் ஒரு தொகை வரும் என்று சொல்லியிருந்தார். அந்தத் தொகை வந்தால் நான் வேலையை விடலாம். எங்கள் வீட்டில் வேறு கணக்கு எதுவும் இல்லை. சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தேன். தலை வாருவதற்குத்தான் வழி தெரியவில்லை, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை அவரிடம் வாய்விட்டுக் கேட்டேன்.

"எப்பங்க எழுதிக் குடுக்கப்போறீங்க?"

"ரெடியானதும்."

"எப்ப ரெடியாகும்?"

"சரியா வந்ததும்."

"எனக்கு முடியலைங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்வையில் பாசம் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். "அதுக்காகத்தானே பாத்துப் பாத்துப் பண்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஸ்பிரிங்கைக் குடைய ஆரம்பித்தார். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு நாள் அது சரியாக வந்தது. மணல் மூட்டையோடு போய் நின்றேன், லேசாகச் சாய்ந்தேன், தடுப்பு ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. தள்ளியதாகவே தெரியவில்லை. என் உடம்பு எங்கே சாயும் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்த மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தது. மனுஷர் அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

மறுநாளே போய் எழுதிக் கொடுத்தார். தகடு வேறு உயரத்தில் இருந்தாலும் வேலை செய்யுமா என்று ஆலோசகர் அம்மா கேட்டாராம். செய்யாது, எல்லா உயரமும் பார்த்தாகிவிட்டது, இந்த ஒரே உயரம்தான், விஷயமே அதில்தான் இருக்கிறது என்று இவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் அப்படியே எழுதிக்கொண்டார். என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். மில்லிமீட்டர் கூட மாறாதாம்.

எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனி வெளியே காட்டலாம் என்று அதே அளவில் இன்னொன்று செய்து, முதியோர் இல்லத்தில் எங்கள் வார்டில் ஒரு கட்டிலில் பொருத்தினோம். மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கினது நான்தான். அப்படியே, மாதக் கடைசியோடு நான் நின்றுகொள்கிறேன் என்றும் சொல்லி வைத்தேன். விற்பனைக்காரரும் வந்தார். நாலு ஊர் சுற்றிவிட்டு வந்த களைப்பு அவர் முகத்திலேயே இருந்தது. நாற்காலி கிடைத்ததும் உட்கார்ந்துவிட்டார். வார்டில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் ஓடி வந்தார்கள். ஒருத்தியை எல்லோரும் குட்டி என்போம், இன்னொருத்தியை ஏணி என்போம். பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

முதலில் நான் செய்து காட்டினேன். கட்டிலில் இருந்த பாட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். தடுப்பு பூப்போல இறங்கியது. விற்பனைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அப்புறம் குட்டி போனாள். தகடு அவள் விலாவில் இடித்தது. எம்பிப் பார்த்தாள், நுனிக்காலில் நின்று பார்த்தாள், பிடித்திருந்த ஆள் சரிய ஆரம்பித்ததும் நான் ஓடிப்போய்த் தாங்கினேன். வலது தோளால்தான். ஏணி போனாள். அவளுக்கு அது தொடையில் பட்டது. முட்டியை மடக்கிக் குனிந்து தள்ளினாள், தகடு அசையவில்லை. அந்த ஸ்பிரிங்குக்கு ஒரே ஒரு சாய்மானம்தான் பழக்கம். மேற்பார்வையாளரும் முயன்று பார்த்துவிட்டு மூச்சு வாங்க நின்றார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் உங்க இடுப்புக்கு அளவெடுத்துத் தச்சுட்டாரு" என்றாள் ஏணி. எல்லோரும் சிரித்தார்கள். குட்டி, தகட்டை ஏற்றி இறக்குகிற மாதிரி வைத்தால் ஆளாளுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றாள். ஆமாம், ஆமாம் என்று ஆளுக்கொரு உயரத்தில் கை வைத்துக் காட்டினார்கள். படுத்திருந்த பாட்டிகூடத் தலையைத் தூக்கி ஒரு யோசனை சொன்னார்.

விற்பனைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. காப்புரிமைக் காகிதத்தில் எந்த உயரத்துக்குக் கேட்டிருக்கிறீர்கள் என்று இவரிடம் விசாரித்தார். இவர் மில்லிமீட்டரோடு சொன்னார். அந்த ஒன்றுக்கு மட்டுமா என்று அவர் இன்னொரு தடவை கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கே கஷ்டமாக இருந்தது. கம்பெனியில் சொல்கிறேன், அவர்களே உயரத்தை மாற்றிச் செய்துகொள்வார்கள், அதற்கு உங்களிடம் உரிமை வாங்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஆலோசகரைப் பார்க்க நானும் போனேன். நான் எதிர்பார்த்ததை விடச் சின்ன அறை, ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஏற்றி இறக்குகிற தகட்டுக்குப் புதிதாகக் கேட்கலாமா என்று இவர் கேட்டார். நேற்று வார்டில் நின்று அத்தனை பேரும் பேசியாகிவிட்டது, அது இனி உங்கள் யோசனை இல்லை, ஊர் யோசனை என்றார் அவர். முதல் வாரமே அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் எந்த உயரமானாலும் உங்களுடையதாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். திட்டவில்லை. இதைப் பல பேரிடம் சொல்லிச் சொல்லி அலுத்த குரல் அது.

யாருக்கும் காட்டக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அதனால்தான் வேறு யாரையும் வைத்துப் பார்க்கவில்லை என்றார் இவர்.

"கையெழுத்துப் போடாத யாருக்கும்னுதான் சொல்ல வந்தேன் சார். ரகசியமா வெச்சுக்கறேன்னு எழுதிக் குடுக்கறவங்களுக்குத் தாராளமாக் காட்டலாம். அதைச் சொல்றதுக்குள்ள நீங்க எழுந்து போயிட்டீங்க. பூட்டு வாங்கணும்னு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார். குட்டியும் ஏணியும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு சாயங்காலம் எங்கள் கொட்டகைக்கு வந்திருந்தால் போதும். காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகக் கொட்டகைக்குப் போனார். பூட்டைத் திறந்தார், இனிப் பூட்டுவதற்கு என்ன இருக்கிறது. நானும் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, திட்டத்தான் போயிருப்பேன். ஆனால் உள்ளே போனதும், கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் நின்ற நிலையைப் பார்த்தேன். அவர் என்னை விட ஒரு தலை உயரம். தகடு அவர் இடுப்புக்கு எங்கேயோ கீழே இருந்தது.

"ஒரு தடவை தள்ளுங்க" என்றேன்.

தள்ளினார். அசையவில்லை. திரும்பி நின்று பார்த்தார், முட்டியை மடக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இத்தனை மாசத்துல நீங்க ஒரு தடவைகூடத் தள்ளிப் பாக்கலையா?"

"தள்ளப்போறது நீதானே" என்றார். சாக்குச் சொல்கிற குரல் இல்லை அது. அவரைப் பொறுத்தவரை அதில் கேட்பதற்கே ஒன்றும் இல்லை. தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "உனக்குச் சுலபமா இருக்கணும்னுதான் பாத்தேன்" என்றார்.

என்னைக் கட்டிக்கொண்டவர் இந்த உலகத்தில் எனக்கென்று ஒரே ஒரு பொருளைச் செய்திருக்கிறார், வேறு யாருக்கும் பொருந்தாத பொருள். வேறு பெண்ணாக இருந்தால் அதற்காகவே அழுதிருப்பாள். எனக்கும் அது புரியாமல் இல்லை. கோபமும் கூடவே இருந்தது, ஆனால் அதை எடுத்து வெளியே வைக்கக்கூடத் தெம்பில்லை. மாதக் கடைசியில் நிற்கவில்லை என்று மேற்பார்வையாளரிடம் காலையிலேயே போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. நல்லதாய்ப் போயிற்று என்றார் அவர். அந்தக் கட்டிலைத் திறக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதானாம், இனி அந்தக் கட்டில் வரிசை முழுக்க எனக்கே போட்டுவிடுகிறாராம்.

"சுலபமாத்தாங்க இருக்கு" என்றேன். "நாளைக்கும் நான்தான் போகணும்."