எடை பார்ப்பதற்கு முந்தின நாள்

கேட்ட கேள்விக்கெல்லாம் நடராசன் சார் சரியாகவே பதில் சொன்னார். வளர்மதிக்கு வயிறு எரிந்ததும் அதனால்தான். ஒரே ஒரு கேள்விக்காவது தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனுஷன்.

“பயிற்சியின்போது பிள்ளைகள் எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும், சார்?” என்று தாளைப் பார்த்துப் படித்தாள்.

“தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடிச்சிடணும்மா. தாகம் வந்துட்டுன்னாலே ஒடம்பு காஞ்சி போச்சின்னு அர்த்தம்.”

“எடைப் பிரிவுக்காகச் சோறு தண்ணீரை நிறுத்துவது பற்றி உங்கள் கருத்து?”

“தப்பு. பெரிய தப்பு. கிட்னியப் பாதிக்கும். வளர்ற புள்ளைங்க இல்லியா? வன்மையா மறுக்கிறேன்னு ஒண்ணு போட்டிருக்கல்ல, அதுல டிக் போடு மதி.”

டிக் போட்டாள். வேறென்ன செய்வது?

வளர்மதிக்குப் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை வேலை. கூடவே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. கபடியில் எடை குறைப்பது பற்றிப் பயிற்சியாளர்களுக்கு என்ன தெரியும், அவர்கள் என்ன நினைக்கிறார்கள், அது பிள்ளைகளை எப்படி ஆட்டுகிறது என்பது தலைப்பு. அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். “பாவம், அவங்களுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா செய்வாங்களா? நாம ஒரு கையேடு போட்டுக் கொடுத்துட்டாப் போதும்” என்பார், ஏசி அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு. அதை நம்பத்தான் அவளுக்கும் ஆசை. தெரியாமல் செய்தவனை மன்னித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமே.

இதே மைதானத்தில், இதே நடராசன் சாரிடம்தான் அவள் கபடி ஆடினாள். அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரிகள் போகிற சாலை ஓரம், மரமெல்லாம் சாம்பல் பூத்து நிற்கிற இடம். பெண்கள் அணிக்கு ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது. தராசில் நிற்பதற்கு முந்தின நாள் சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். வாயில் ஒரு சுளை புளி. எச்சில் ஊற ஊறத் துப்பினால் அதுவும் எடைதானே என்பது சாரின் கணக்கு. வருஷா வருஷம் துப்பினாள். அதனால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்புறம் இடுப்பு வலி என்று திருச்சிக்குப் போனபோது, கல் அடைத்து அடைத்து ஒரு கிட்னி சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். சின்ன வயதில் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாயா என்று கேட்டார். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது, நாவு உலரவே விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

இதைச் சொல்லி அழுதபோது அம்மா செங்கமலம் அவள் மீதே பாய்ந்தாள். திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டியே காய்த்துப் போன கை அவளுடையது. “அந்த சார் இல்லன்னா நீயும் இந்நேரம் என்கூட கரும்புக் கொல்லையிலதான் கெடப்ப. நன்றி கெட்டுப் பேசாத” என்றாள். அதில் பொய் ஒன்றுமில்லை. பொய்யாக இருந்திருந்தால் வளர்மதிக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் இன்றைக்கு ஆராய்ச்சி ஒரு சாக்கு. கேள்விகள் முடிந்ததும் சாரின் முகத்துக்கு நேரே பேசிவிட வேண்டும். ‘என் கிட்னி போனது உங்களால்தான் சார், இனி ஒரு பிள்ளைக்கும் இதைச் செய்யாதீர்கள்.’ பஸ் குன்னம் தாண்டுகிற வரைக்கும் இதையே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசிக் கேள்வியை முடித்து நிமிர்ந்தபோது, மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்க, மைதானத்தைச் சுற்றி ஒரு பெண் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கிற வயது. அந்த வேகாத வெயிலில் ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு. ஒரு கன்னம் புடைத்திருந்தது. ஓடுகிற வாக்கில் துப்பினாள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்!

“சார், அந்தப் புள்ள ஏன் ஸ்வெட்டர் போட்டுருக்கு?”

“பானுப்ரியாவா? அதுவாவே மாட்டிக்கிட்டு ஓடுது. நாளைக்குப் பெரம்பலூர்ல செலக்சன், எடை பாக்குறாங்க. ஒண்ணரைக் கிலோ கூட நிக்கிது.” சார் காலை நீட்டிக்கொண்டார். “நான் ஒண்ணும் சொல்லல மதி. இப்பல்லாம் யாருக்கும் சொல்றதே இல்ல. போன வருசம் முகாம்ல கூப்புட்டு வச்சி இதெல்லாம் கூடாதுன்னு வகுப்பு எடுத்தாங்க. நமக்கு எதுக்கு வம்பு? எடை மெசின வாங்கித் தண்ணிக் குடத்துக்குப் பக்கத்துல வச்சிட்டேன். அதுங்களே ஏறிப் பாத்துக்குதுங்க.”

பானுப்ரியா ஓடி வந்து மெசினில் ஏறினாள். முள்ளைப் பார்த்தாள், பிறகு சாரைப் பார்த்தாள். சார் உச்சுக் கொட்டிவிட்டு முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். அந்தப் பெண் இறங்கி மறுபடியும் ஓடக் கிளம்பினாள். அந்த உச்சுக்கு எவ்வளவு எடை என்று வளர்மதிக்குத் தெரியும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓடி அவளும் ஒரு நாள் மயங்கி விழுந்திருக்கிறாள்.

“இங்க வாம்மா” என்று கூப்பிட்டாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். “மொதல்ல தண்ணியக் குடி.”

பானுப்ரியாவின் உதடு வெடித்திருந்தது. பாட்டிலை வாங்காமல் சாரைப் பார்த்தாள்.

“அக்கா குடுக்குதுல்ல, குடி புள்ள. நானா வேண்டாங்குறேன்?” என்றார் சார்.

அவள் ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். கொப்பளித்தாள். ஒரு சொட்டு உள்ளே போகாமல் அத்தனையையும் மண்ணில் துப்பிவிட்டு, பார்த்தீர்களா என்பதுபோல் சாரைப் பார்த்தாள். சாரின் மீசைக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போயிற்று. வளர்மதியிடம் கையை விரித்துக் காட்டினார், நான் துப்பச் சொன்னேனா என்று.

பாவி மனுஷன், அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதோ, சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்தாள். அதற்குள் சார் விசில் ஊதிவிட்டார்.

“எல்லாரும் இங்க வாங்க. இவ யாரு தெரியுமா? நம்ம மதி. இதே மண்ணுல பொரண்டவ. இன்னைக்கிக் காலேஜ்ல வேல, அடுத்த வருசம் டாக்டர் பட்டம் வாங்கப் போறா. ரெண்டு வார்த்த சொல்லும்மா இவளுவளுக்கு.”

பிள்ளைகள் அரைவட்டமாக உட்கார்ந்து கைதட்டினார்கள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. சார் பக்கத்திலேயே நிற்கிறார், கேட்க வேண்டியவர்கள் எதிரே இருக்கிறார்கள். வளர்மதி வாயைத் திறந்தாள்.

“எல்லாரும் நல்லாத் தண்ணி குடிக்கணும். ஒடம்பு முக்கியம்” என்றாள். அவளுக்கே அது பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்ட வாசகம்போலக் கேட்டது. பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பானுப்ரியா மட்டும் கையைத் தூக்கினாள். “அக்கா, நீங்க ஆடுனப்ப எவ்வளவு எறக்குவீங்க?”

“மூணு கிலோ. ஒரே நாள்ல.”

யோசிக்கவே இல்லை, பதில் தானாக வந்துவிட்டது. வந்த குரலில் வருத்தம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெருமை இருந்தது, அப்பட்டமான பெருமை. அரைவட்டம் முழுக்க ‘அம்மாடி’ என்று வாய் பிளந்தது. டாக்டர் பட்டத்துக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் இதற்குக் கிடைத்தது.

“கேட்டுக்கங்க” என்றார் சார். கைதட்டாதவர் அவர் ஒருவர்தான்.

“மூணா! எனக்கு ஒண்ணரைதாங்க்கா” என்று பானுப்ரியா துள்ளி எழுந்தாள். புளியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினாள். மழைக்கோட்டைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் பூட்டிக்கொண்டு, இந்தத் தடவை முன்னைவிட வேகமாக ஓடினாள்.

‘நில்லு’ என்று கத்த வேண்டும் என்று வளர்மதிக்கு இருந்தது. சார் பக்கத்தில் நிற்கும்போது இந்த மைதானத்தில் வேறு யாரும் குரலை உயர்த்துவது வழக்கமில்லை.

“ஏன் மதி வெயில்லயே நிக்கிற? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு” என்றார் சார், உண்மையான பரிவோடு. “பாட்டிலக் கையிலயே வச்சிருக்கியே, தண்ணியக் குடி.”

காலையில் இந்த மைதானத்துக்குள் கால் வைத்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்தாள்.