தண்ணீரை மிச்சம் பிடித்த சலவைக்கடை

எங்கள் சலவைக்கடைக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் எழும்பியது. ஊர் உலகத்துப் போட்டோவும் கடுதாசியும் அதற்குள் இருக்கிற கம்ப்யூட்டர்களில்தான் கிடக்கிறதாம். மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேகம் என்றால் தண்ணீர் கொடுக்க வேண்டும், இது குடிக்கிறது. சூடு தணிக்க அது உறிஞ்சியது போக மிச்சம்தான் தெருக்குழாய்க்கு.

பகலில் குழாயில் வெறும் காற்று. விடியலில் கொஞ்சம் வரும். நானும் மகளும் அப்போதே துவைத்துவிட்டுப் பகலில் கடையைச் சாத்தினோம். அந்தக் கட்டடத்துக் கம்பெனிக்கே சொந்தமான தேடுபொறி அதை மோப்பம் பிடித்து, கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று போட்டுவிட்டது. மூச்சு விடுகிறவனைப் பிணம் என்று எழுதிவைத்த மாதிரி. வாடிக்கை நின்றது. இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்த மகளுக்கு இந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை. திருத்தச் சொல்லி எழுதி எழுதிப் பார்த்தாள். நன்றி சொல்லி மெஷின்தான் பதில் போட்டது.

ஒருநாள் அந்தக் கம்பெனியிலிருந்து பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் கேடயத்தோடு வந்தான்.

"ஐயா, போன வருஷத்துல பாதித் தண்ணிதான் செலவு பண்ணியிருக்கீங்க. எங்க பசுமை அறிக்கையில உங்க படம்தான் முதல் பக்கம்."

தட்டைப் பிடுங்கிக்கொண்டு, குறைவாகச் சாப்பிடுகிறாய் சபாஷ் என்று முதுகில் தட்டுகிற ரகம். வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"கடை திறந்திருக்குன்னு முதல்ல மாத்துங்க. அப்புறம் அப்பா படத்துக்கு நிப்பாரு."

அவன் யாருக்கோ போன் போட்டான். எங்களுக்கு மாதக்கணக்கில் நடக்காதது, மூக்குச் சிந்துகிற நேரத்தில் முடிந்தது. கேடயத்தைப் பிடித்து நின்றேன். கொஞ்சம் சிரிக்கச் சொன்னான்.

"அது பேச்சுல இல்ல தம்பி."

மறுநாள் நட்டநடுப் பகலில் வாசலில் கூட்டம். நாள் முழுவதும் திறந்திருக்கும் என்று போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். மகள் குழாயைத் திருகினாள், உஸ் என்றது. இவர்களைத் திருப்பி அனுப்பினால் இனி ஒருவரும் வரமாட்டார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

முதல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க என்று நடந்தேன். அத்தனை பேரும் மூட்டையோடு பின்னால் வந்தார்கள். ஜன்னலில்லாத கட்டடத்து வாசலில் காவலாளி மறித்தான்.

"தண்ணி உங்ககிட்டதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள துவைச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

அவன் உள்ளே போன் போட ஓடினான். கார்கள் நுழைகிற இடத்திலேயே மூட்டைகளைப் பிரித்து அடுக்கச் சொன்னேன். போர்வை அடியில், உள்ளாடை மேலே.