மகியின் மூட்டை

"அக்கா, இத மேல வெச்சிரு."

"துருவன் கேப்பானேடா."

"அவனுக்குத்தான் இன்னொண்ணு வாங்கியாந்திருக்கறனில்ல. இது மகிக்கு."

"அவ எப்படா வருவா?"

"வருவா."

நான்கு ஆடிகளுக்கு முன்பு அது. வெளியே சாரல். பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று சன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. திரை எழும்போது அறையில் வெளிச்சம். விழும்போது இருட்டு. மாறி மாறி அந்த வெளிச்சத்திலும் இருட்டிலும் தம்பி சபரியின் முகம்.

வருவா என்று சொன்னவன் வாசலைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். பெட்டியின் ஓரத்தில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் ஒன்று என்ற எண். ஒரு வயதுக் குழந்தைக்கானது.

கோகிலா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அட்டாலிப் பரணின் கடைசி மூலையில், பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில், அந்தப் பெட்டியை வைத்தாள். வைத்துவிட்டு இறங்கினாள்.



பொள்ளாச்சியில் மாடி வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், கூடம் நிறையப் பொம்மை.

பொம்மைகள் மழைத்தண்ணீர் மாதிரி. எங்கே பள்ளமோ அங்கே போய்ச் சேரும். சோபாவுக்கு அடியில் சேரும். செருப்புக்குள் சேரும். அரிசி எடுக்கப் போனால் டப்பாவுக்குள் ஒரு குட்டிக் கார் நிற்கும், வழி கேட்டு நிற்பதுபோல.

மகன் துருவனுக்குப் பிறகு இனிகா பிறந்து நடக்கத் தொடங்கிய வருஷம் கோகிலா ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாம் வெளியே கிடந்தால் பிள்ளைகள் எதையும் விளையாடுவதில்லை. மிதிக்கிறார்கள், எறிகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கடைசியில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். ஆகவே நான்கு பழைய நூல்சேலைகள். நான்கு மூட்டைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மூட்டை இறங்கும், ஒரு மூட்டை ஏறும்.

ஒரு மாதம் பார்க்காத பொம்மை புதுப் பொம்மையாகிவிடும். "ஐ, என்ற லாரி!" என்று துருவன் கத்துவான், ஊரிலிருந்து வந்த பெரியப்பாவைக் கண்டதுபோல. அந்தக் கத்தலுக்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காத்திருப்பாள்.

இனிகாவின் யானை மட்டும் எந்த மூட்டைக்குள்ளும் போகாது. ஒரு காது இல்லாத துணி யானை. அதைத் துவைத்துக் காயப்போட்டால், கொடிக்கு அடியிலேயே நிற்பாள். சொட்டுகிற தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, காயும்வரை நிற்பாள்.

துருவனுக்கு ஆறு வயது. ஆறு வயதுக்கு என்று எழுதியிருக்கும் எதையும் அவன் தொடமாட்டான். அவனுக்குப் பாத்திர மூடிகள் போதும். பெரிய மூடி பஸ், சின்ன மூடி ஆட்டோ, தோசைக்கல் பஸ் ஸ்டாண்டு.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் பிள்ளையின் மனசுக்கும் சம்பந்தமே கிடையாது. கோகிலாவுக்கு அது தெரியும். கூடவே இருக்கிறாள், அதனால் தெரியும்.



ஐந்தாவது ஒரு மூட்டை உண்டு. பச்சைச் சேலை.

அது இறங்குவதே இல்லை. பெருத்துக்கொண்டு மட்டும் இருந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை சபரிக்கு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவான். வந்தால் இரண்டு பை. ஒன்று அக்கா பிள்ளைகளுக்கு. தாய்மாமன் கையை வீசிக்கொண்டு வரலாமா? மற்றது மகிக்கு. முதல் பை கூடத்தில் கிழியும். இரண்டாவது பை ஓசையில்லாமல் அட்டாலிக்கு ஏறும்.

அவன் பொம்மை வாங்கும் விதத்தைக் கோகிலா ஒருமுறை அவனோடு போனபோது பார்த்தாள். பொம்மையைப் பார்க்கமாட்டான். பெட்டியைத் திருப்பி எண்ணைத் தேடுவான். இரண்டு என்று இருந்தால் மகியின் இரண்டு வயதில் வாங்குவான். மூன்று என்று இருந்தால் மூன்றில். கடைக்காரப் பெண் கேட்டாள், "பாப்பாக்கு என்ன மாதிரி வேணுங்க? கிச்சன் செட்டா, டாக்டர் செட்டா?" அவன் எண்ணைக் காட்டினான். "இந்த வயசுக்கு."

தன் மகளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவள் வயது.



மகி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது சபரி லாவண்யாவைக் கை நீட்டி அடித்தான். ஒரு முறை. லாவண்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடுமலையில் அப்பா வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை.

கோகிலா அன்றைக்குப் போன் பண்ணினாள். சமாதானம் பேசத்தான் பண்ணினாள். வாயில் வந்தது வேறு.

"ஒரு அடிக்குப் போயி யாராச்சும் குடும்பத்த உட்டுட்டுப் போவாங்களா லாவண்யா?"

அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அழுகைக்கு மேலே லாவண்யாவின் குரல், மெதுவாக:

"உங்க தம்பியாச்சும் கையிலதான் அடிச்சாருங்க நங்கையா."

அதோடு போன் நின்றது. நாத்தனாரை நங்கையா நங்கையா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். அந்தச் சொல்லும் அதோடு நின்றது.

சபரி ஒருமுறை உடுமலைக்குப் போனான். கதவு திறக்கவில்லை. திற என்று சொல்லும் உரிமையைத் தன் கையே உடைத்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பிவிட்டான். அதற்குப் பிறகுதான் பொம்மைகள்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை ஒரு மணி நேரம்கூட இல்லை. பஸ் கால் மணிக்கு ஒன்று. அதன்பிறகு நான்கு வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தை யாரும் கடக்கவில்லை.

கோகிலா குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது போனை எடுப்பாள். லாவண்யாவின் பெயர் வரைக்கும் போவாள். கேட்பதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. பெரிதில்லை. சின்னது. ஆனால் அதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது, அது பெரிது. விசில் வந்துவிடும். போனை வைத்துவிடுவாள்.



இந்த ஆடியிலும் சாரல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனைமலையில் ஒரு வளைகாப்பு. கோகிலா கிளம்பும்போதே பிள்ளைகள் அட்டாலிக்குக் கீழே நின்றுகொண்டார்கள்.

"ஏனுங்க, மூட்டைய நீங்களே எறக்கிக் குடுத்துருங்க. பச்சைய மட்டும் தொட்டுறாதீங்க."

கணவன் மோகன் பேப்பருக்குள்ளிருந்து தலையாட்டினான். தலையாட்டுகிற ஆண்பிள்ளையை நம்பிப் போனதுதான் அவள் செய்த பிழை.

மத்தியானம் திரும்பி வந்தாள். கதவைத் திறந்தாள். கூடத்தின் நடுவில் சேலை விரிந்து கிடந்தது. நான்கு வருஷப் புழுதி, கூரை ஓதம், அட்டாலியின் அரை இருட்டு. பச்சை எப்போதோ நீலமாகிவிட்டிருந்தது.

"பச்சையத் தொடாதீங்கன்னு சொன்னனா இல்லியா?"

"நீ சொன்னது பச்ச. இது நீலமாட்டந்தான கோகி இருக்குது?" என்றான் மோகன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சேலையைப் பார்த்தான். "அய்யோ. மகியோடதா?"

அவள் அப்படியே கீழே உட்கார்ந்தாள். பட்டுச்சேலையோடு, தலையில் பூவோடு, கிழிந்த அட்டைகளுக்கு நடுவே.

ரப்பர் வாத்து, கையில் ஒட்டியது. பாட்டுப் பாடும் கரடியின் வயிற்றில் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அழுத்தினாள். பாடவில்லை. பொம்மைப் பெண்ணின் தலைமுடி பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது.

ஒரு குழந்தையும் தொடாத பொம்மைகள். ஒரு முறையும் கீழே விழாத பொம்மைகள். விளையாடாமலே கிழடான பொம்மைகள்.

அவள் பசை டேப்பை எடுத்துவந்தாள். ஒரு பெட்டியை ஒட்டினாள். மறுபக்கம் விரிந்தது. அதை ஒட்டினாள். மூடி உள்ளே போனது. எந்தப் பொம்மை எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. மூன்று மணிக்குச் சபரி வருவான். ஒட்டினாள், ஒட்டினாள், விரலெல்லாம் டேப். இனிகா பக்கத்தில் வந்து ஒரு கிலுகிலுப்பையை நீட்டினாள். "இது எனக்கு வேண்டாம்மா. இது குட்டிப் பாப்பாது."

மூன்று வயதுக்காரிக்கே அது சிறிதாகிவிட்டது. மகிக்கு இப்போது ஐந்து.



சபரி மூன்று மணிக்கு வரவில்லை. இரண்டரைக்கே வந்துவிட்டான்.

நனைந்த தலை. இரண்டு கையிலும் இரண்டு பை. வாசலிலேயே நின்றான். கூடத்தைப் பார்த்தான்.

கோகிலா எழப்பார்த்தாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? மாமா தெரியாம எறக்கிட்டாருடா என்பதா? எல்லாமே ஏற்கெனவே வீணாத்தான்டா இருந்துச்சு என்பதா?

"நான் ஒடைக்கல மாமா," என்றான் துருவன் முந்திக்கொண்டு. "பெட்டியில வீடுதான் கட்டுனேன். பொம்மைங்க தானாவே ஒடஞ்சிருச்சுங்க."

சபரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாக வந்து சேலையின் ஓரத்தில் உட்கார்ந்தான். வாத்தை எடுத்தான். கரடியை எடுத்தான். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தான். ஒரு வயது. ஒன்றரை. இரண்டு. இரண்டரை. வரிசை நீண்டது. அதில் ஒரு பிள்ளை வளர்ந்திருந்தாள், யாரும் பார்க்காமல்.

கடைசியாக இன்று வாங்கிவந்த பெட்டி. வட்டத்துக்குள் ஐந்து. அதையும் வரிசையில் வைத்தான்.

இனிகா யானையை இடுக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, மகி பாப்பாக்கு யான புடிக்குமா?"

"தெரியல சாமி."

"மழை புடிக்குமா?"

"தெரியல."

"தனியாப் படுப்பாளா? பயமா அவளுக்கு?"

"தெரியலடா கண்ணு."

இனிகா துருவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பொய்யில்லாத, வஞ்சமில்லாத சிரிப்பு.

"அண்ணா, மாமாக்கு ஒண்ணுமே தெரியல!"

சபரியும் சிரித்தான். "ஆமா. மாமன் மக்கு," என்றான். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகச் சேலைமேல் விழுந்தது. விழுந்த இடத்தில் மட்டும் புழுதி கரைந்து பச்சை தெரிந்தது.

மோகன் துண்டு எடுத்துவந்து மச்சினன் தலையில் போட்டான். துவட்டிவிடவா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

கோகிலா அதற்கு மேல் அங்கே இருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள்.



மாடிப்படியில் கூரை பாதிதான். பாதிப் படி நனைந்திருந்தது. காற்று திசை மாறும்போதெல்லாம் மிச்சப் பாதியும் நனைந்தது.

இன்றைக்குக் குக்கர் இல்லை. விசில் வந்து காப்பாற்றாது.

பெயரைத் தொட்டாள். மணி போனது. நான்கு வருஷத்தில் நம்பரை மாற்றியிருப்பாள் என்று நினைத்தாள். மாற்றியிருக்கட்டும் என்றுகூட நினைத்தாள். மணி போனது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தாள். மணி போனது.

"சொல்லுங்க."

அவ்வளவுதான். நங்கையா இல்லை. ஆனால் யார் என்றும் கேட்கவில்லை.

பின்னால் ஒரு குரல். "அம்மா, யாரும்மா?"

கோகிலா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகையாக மட்டுமே கேட்ட குரல். இப்போது சொல்லாகி வந்திருக்கிறது. கொஞ்சம் கட்டைக் குரல். சளி பிடித்திருக்கிறதா? எப்போதுமே அப்படித்தானா? தெரியவில்லை. அத்தைக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"லாவண்யா... அன்னிக்கு நான் பேசுனது தப்பு. ஒண்ணுன்னாலும் அடி அடிதான். அவன் என்ற தம்பிங்கறதுக்காவ நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இதச் சொல்றதுக்கு எனக்கு நாலு வருசமாச்சு."

அந்தப் பக்கம் போன் நிற்கவில்லை. உடுமலையிலும் சாரல் போலிருக்கிறது. தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. இந்த மழைக்கும் அந்த மழைக்கும் நடுவே மூச்சு விடுகிற சத்தம்.

"நீ வா, புள்ளைய அனுப்பு, அவன மன்னிச்சிருன்னெல்லாம் கேக்கறதுக்கு நான் கூப்புடல. அதெல்லாம் கேக்கற வாயி எனக்கு இல்ல."

சொல்லிவிட்டாள். பெரியதைச் சொல்லிவிட்டாள். சின்னது மட்டும் பாக்கி இருந்தது. எத்தனை முறை அடுப்படியில் சொல்லிப் பார்த்தது. எத்தனை முறை விழுங்கியது.

உள்ளே துருவன் எதையோ தட்டிவிட்டான். வரிசை சரிகிற சத்தம். லாவண்யா இன்னும் போனை வைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னா வெச்சிரு," என்றாள் கோகிலா. "உன்ற புள்ளைக்கு என்ன வெளையாடப் புடிக்கும் லாவண்யா? அத மட்டும் சொல்றியா?"