சொன்ன விதம்

அருணகிரி சொன்னது சரி. தொந்தரவே அதுதான்.

தப்பாகச் சொல்லியிருந்தால் சின்னதம்பி ஒரு முறை சிரித்துவிட்டுக் கடப்பாரையைத் தூக்கியிருப்பான். அருணகிரி சரியானதைச் சொன்னான். அதையும் ஊரே மண்வெட்டியோடு நிற்கும்போது, பலாமர வேரில் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டே சொன்னான்.

“இன்னா மாப்ள, ஜீப்பு இன்னா வெள்ளாடா? இந்த வளைவுல எப்பிடித் திரும்பும்? குதிச்சித் திரும்புமா?”

ஊர் சிரித்தது. மண்கூடை சுமந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சாந்தம்மாளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபோது அந்த வளைவு வெறும் வளைவாக இல்லை. சின்னதம்பியின் மானமாக ஆகியிருந்தது. அதை இனி யாரும் தொட முடியாது.

சின்னதம்பி அவள் புருஷன். அருணகிரி அவளுக்கு அண்ணன்.

புதூர்நாட்டு ஜீப் ஓடை வரைக்கும்தான் வரும். ஓடையிலிருந்து ஊருக்கு ஒற்றையடிப் பாதை. போன வருஷம் அவள் மகள் பச்சையம்மாவை டோலி கட்டி அந்தப் பாதையில்தான் இறக்கினார்கள். ஓடைக்கு வருமுன்பே பிள்ளை பிறந்தது. அழவில்லை. பச்சையம்மாவைக் கட்டியவன் அருணகிரியின் மகன் வீரன். ஆக, ஓடைக்கரையில் புதைத்தது இரண்டு பேருக்கும் பேரன். இப்போது பச்சையம்மா மறுபடியும் எட்டு மாசம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஜீப் ஊருக்குள் வந்துவிட வேண்டும். அது எழுபத்தொன்பதாம் வருஷம், ஆவணிக் கடைசி. வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊர் பாதை வெட்ட இறங்கியது. சின்னதம்பியை முன்னால் நிறுத்தியது.

பாதை போகும் தடத்துக்கு முளைக்குச்சி அடிக்கிறவன் முதல் நாள் பட்டினி இருக்க வேண்டும். முளைக்கு மஞ்சள் பூசி, கோழி அறுத்து, முதல் முளையில் ரத்தம் விட்டு அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் அது அம்மனுடைய முளை. பிடுங்கினால் சாமி குற்றம். சின்னதம்பி பலாமரத்துக்குக் கீழ்ச்சரிவில், மரத்துக்கும் பாறைக்கும் நடுவே முளை அடித்திருந்தான். அருணகிரி கண்ணமங்கலம் பக்கம் ரோடு வேலைக்குப் போய் வந்தவன். மரத்துக்கு மேலே சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்றான். வெள்ளாட்டை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து அருணகிரி வேலைக்கு வரவில்லை. சின்னதம்பி மரத்துக்குக் கீழேயே வெட்டிக்கொண்டிருந்தான். வழக்கத்தைவிட வேகமாக.

சாந்தம்மாள் களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எங்கண்ணன் சொன்னது தப்பா?”

“தப்புன்னு நான் சொன்னனா?”

“அப்ப சரியா?”

“சரின்னும் சொல்லல.”

“இன்னாதான் சொல்ற?”

“சொன்ன விதம்.” களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தான். “என்னக் கூப்ட்டுத் தனியா சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்.”

“தனியா சொன்னா கேப்பியா?”

“தனியா சொல்றதுக்கு இன்னா கீது? முளை அடிச்சாச்சி.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அருணகிரி வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். வேலைக்கு வராதவனுக்குப் புதுக் காம்பு எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

“நல்லவிதமா ஒரு வார்த்த சொல்லேண்ணா. தனியா கூப்ட்டு.”

“நான் இன்னா பொய்யா சொன்னேன்?”

“பொய்யின்னு யாரு சொன்னா?”

“அப்ப வெல்லம் தடவிக் குடுக்கணுமா ஒம் புருஷனுக்கு? பாதி வளைவுல ஜீப்பு நிக்கும் பாரு, அப்ப தெரியும்.”

“அந்த ஜீப்புல யாரு இருப்பா, தெரியுமா?”

அருணகிரி செதுக்குவதை நிறுத்தினான். ஒரு கணம் அவன் முகம் இளகியது. அப்புறம் சொன்னான்: “அவன் வந்து கேக்கட்டும். சொல்றேன்.”

வந்து கேட்க மாட்டான் இவன். போய்ச் சொல்ல மாட்டான் அவன். நடுவே நாள் ஓடியது. மரத்துக்குக் கீழே வளைவு ஆழமாகிக்கொண்டே போனது. எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவுக்கு அதை மாற்றுவது கஷ்டம் என்பது மண் அள்ளுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. அருணகிரியைப் போல வாயைத் திறந்து பகை தேடிக்கொள்ளக் கூடாதென்று கூடையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

ஓடைக்கு எதிர்க்கரைக் கடையில் மண்ணெண்ணெய் வாங்கப் போய்த் திரும்பிய சாயங்காலம் சாந்தம்மாள் புருஷனிடம் ஒரு பொய் சொன்னாள்.

“ஜீப்பு டிரைவரப் பாத்தேன். கண்ணாயிரம். மரத்துக்கு மேல சுத்தி வந்தாத்தான் வண்டி திரும்பும்ன்றான்.”

சின்னதம்பி தலையைத் தூக்கினான். “கண்ணாயிரமா சொன்னான்?”

“ஆமா.”

“டிரைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். வண்டி ஓட்றவனுக்குத் தெரியாததா?”

“சாமி முளைய இன்னா பண்றது?”

“இன்னொரு கோழி அறுத்தாப் போச்சி.”

அவ்வளவுதான். மறுநாள் காலையில் கோழி அறுத்தார்கள், மஞ்சள் பூசினார்கள், மரத்துக்கு மேலே முளை அடித்தார்கள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. சாந்தம்மாள் நிம்மதியாகக் கூடை தூக்கினாள். மத்தியானத்துக்கு முன்னால் அருணகிரி புதுக் காம்பு போட்ட மண்வெட்டியோடு வருவதைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் வெட்ட வரவில்லை.

“யாரு சொல்லி மேல போறீங்க?”

“கண்ணாயிரம்” என்றான் சின்னதம்பி, குனிந்தபடியே.

“கண்ணாயிரமா? நான் சொன்னப்ப இந்தக் காது எங்க போச்சி?”

“அவன் வண்டி ஓட்றவன்.”

அருணகிரி மேட்டு மண்ணை ஒரு பிடி அள்ளி உதிர்த்தான். “மேல போனா இது சரிஞ்சி ரோட்டுல வுழும். மண்ணு இளகல்.”

“நீதான மேல போவணும்ன?”

“நான் சொன்னப்ப இவ்ளோ இளகலா இல்ல.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் இதுதான் என்று சாந்தம்மாளுக்குத் தோன்றியது. அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். வீரன் அப்பனுக்கும் மாமனுக்கும் நடுவே நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துக் கண்ணாயிரம் தோளில் துண்டோடு கீழேயிருந்து ஏறி வந்தான். பலாப்பழம் வாங்கிக்கொண்டு போக வந்திருந்தான்.

“வாய்யா டிரைவரே” என்றான் அருணகிரி. “நீதான் மேல போகச் சொன்னியாமே?”

“நானா? நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலியே. ஓடையத் தாண்டி இந்தப் பக்கம் வந்தே மாசக் கணக்காவுதே.”

சின்னதம்பி சாந்தம்மாளைப் பார்த்தான். நடந்துபோய்ப் புது முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான், மஞ்சளோடு. பிறகு மரத்துக்குக் கீழே இறங்கிப் பழைய பள்ளத்தில் கடப்பாரையைப் போட்டான். அன்று பாதிப் பேர் வேலையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பச்சையம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. அம்மா மூச்சுவிடாமல் புலம்பி முடிக்கும் வரைக்கும் கேட்டாள்.

“ஒரு தடவ நீ நேராச் சொல்லியிருக்கலாம்மா” என்றாள்.

“இன்னா?”

“வளைவு குறுகல்னு ஒனக்கும் தெரியுதில்ல? மாமா சொன்னாரு, டிரைவர் சொன்னாருன்ற. எனக்குத் தோணுதுன்னு அப்பாகிட்ட நீ சொல்லவே இல்லியே. இங்க ஒரு பேச்சி, அங்க ஒரு பேச்சி.”

சாந்தம்மாளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. “யாருக்கோசரம்டீ நான் அல்லாடுறேன்? எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா. வயித்துப் புள்ளக்காரியாச்சேன்னு பாக்குறேன்.”

“பாத்தியா” என்றாள் பச்சையம்மா. “நீயும் அவங்கள மாதிரிதான்.”

சாந்தம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டில் தண்ணீர் இருந்தது. ஊற்றுக்குப் போகும் வழியெல்லாம் மகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள். உன் வயசில் நான் மூன்று பெற்றவள் என்றாள். உங்கப்பனோடு குடும்பம் நடத்திப் பார் என்றாள். உங்க மாமன்காரன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்றாள். எல்லாம் நல்ல பதில்கள். குடம் நிறைந்து வழிந்தபோதுதான், எதுவும் மகள் சொன்னதற்குப் பதில் இல்லை என்பது உறைத்தது. அதற்காகவும் மகள் மேல் எரிச்சல் வந்தது. அன்று அவளோடு பேசவில்லை.

காலையில் கூடையை எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்தாள். பலாமரத்தடியில் ஆட்கள் வந்து சேரும் வரைக்கும் காத்திருந்தாள். நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. தனியாகச் சொன்னால் தைரியம் போய்விடும்.

“கண்ணாயிரம் ஒண்ணும் சொல்லல. நான் பொய் சொன்னேன்” என்றாள் புருஷனிடம். “எங்கண்ணன் சொன்னதத்தான் அவன் பேர்ல சொன்னேன். எனக்கும் அதான் தோணுது. கீழ எடம் பத்தாது.”

“ஒனக்கு இன்னா தெரியும் ஜீப்பப் பத்தி?”

“அவ்ளோ தெரியாது. தப்புன்னா எங்க தப்புன்னு சொல்லு.”

சின்னதம்பி கடப்பாரையை ஊன்றினான். “அவன்தான் தூண்டி வுட்டானா?” என்றான்.

“தூண்டி வுட்டா எரியறதுக்கு நான் இன்னா வெளக்கா?” அவள் மரத்துக்கு மேலே ஏறி வெட்ட ஆரம்பித்தாள்.

யாரும் கூட வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மண் அப்படி ஒன்றும் இளகலாக இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரிந்தது.

“மம்மட்டிய அடியில புடிச்சிக்கினு வெட்டறா பாரு” என்றான் சின்னதம்பி கீழேயிருந்து, பொதுவாக. “ரவ மேல புடி. கை பூடும்.”

சாந்தம்மாள் கேட்காதவள் போல அடியிலேயே பிடித்து நாலு வெட்டு வெட்டினாள், வீம்புக்கு. தோல் உரிந்தது. கையை மேலே நகர்த்தினாள். வலி குறைந்தது. அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

“மண்ணக் கீழ தள்ளாத” என்று இன்னொரு குரல். அருணகிரி எப்போது வந்தானோ, மேட்டில் நின்றுகொண்டிருந்தான். “கீழ பாதையில வுழுந்தா திரும்பவும் நீதான் அள்ளணும். மேல போடு. இவ எல்லாம் ரோடு போட வந்துட்டா.”

“சரி” என்றாள். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மண்ணை மேலே போட்டாள்.

இரண்டு ஆண்களுக்கும் அதற்குமேல் சும்மா நிற்க முடியவில்லை. ஒருத்தி தப்புத் தப்பாக வெட்டும்போது எப்படி நிற்பது? ஒருவன் மேலேயிருந்து இறங்கினான், ஒருவன் கீழேயிருந்து ஏறினான். வளைவின் இரண்டு முனையிலும் வெட்டினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்கள்.

“அந்தக் கல்ல ஓரத்துல போடச் சொல்லு.”

“ஓரத்துலதான் போடறேன்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் காது கீதில்ல?” என்றாள் சாந்தம்மாள். அவர்கள் அவளைத்தான் முறைத்தார்கள். ஆனால் மத்தியானத்துக்குள் மற்றவர்களும் மேலே ஏறிவிட்டார்கள். முளை யாரும் அடிக்கவில்லை. கோழியும் அறுக்கவில்லை.

ஐப்பசி பிறந்து முதல் மழை நின்ற ஒரு விடியலில் பச்சையம்மாவுக்கு வலி கண்டது. வீரன் ஓடை வரைக்கும் ஓடினான். கண்ணாயிரம் ஜீப்பை ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். வரும்போது பலாமரத்து வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்பவில்லை. ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திரும்பியது.

பச்சையம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையைச் சாந்தம்மாள் மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் இறங்கியது. வளைவுக்கு வந்ததும் நின்றது.

கண்ணாயிரம் ஹாரன் அடித்தான். நகரவில்லை.

“இன்னாய்யா?”

“நடு ரோட்டுல நிக்கிறாங்க.”

சாந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். சின்னதம்பியும் அருணகிரியும் வளைவின் நடுவே ஈர மண்ணில் டயர் பதிந்த தடத்தைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பின்னாடி எடுத்தான் பாத்தியா? இன்னும் ஒரு மொழம் மேல போயிருக்கணும். அப்பவே சொன்னேன்.”

“ஒரு தடவதான எடுத்தான்? எங்க முளை போட்டாலும் அது எடுத்துத்தான் ஆவணும்.”

“இன்னும் ஒரு மொழம் மாப்ள.”

“எங்க? எந்தப் பக்கம் ஒரு மொழம்? காட்டு.”

அருணகிரி குனிந்து காட்டினான். சின்னதம்பி அவன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

மடியில் பச்சையம்மா பல்லைக் கடித்து முனகினாள். சாந்தம்மாள் கம்பியைப் பிடித்து வெளியே தலையை நீட்டினாள்.

“யோவ்! ரெண்டு பேரும் ஓரம் போய்ப் பேசுங்கய்யா!”

இருவரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். ஒருவன் மேல்பக்கமும் ஒருவன் கீழ்ப்பக்கமும் ஒதுங்கினார்கள். ஜீப் முன்னால் போய், ஒரு தடவை பின்னால் எடுத்து, திரும்பி இறங்கியது.