தோள்வலிக்கு வந்தவரிடம் கேட்ட கேள்வி

1

இந்தக் கதை என் கழுத்துவலியில் பிறந்தது. சின்ன கிளினிக். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே நர்ஸ், "செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்பதாம். "எழுத உக்காரும்போதெல்லாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டா, நிஜமா என்று என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். வீட்டுக்கு வந்த கையோடு, நான் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியில் கதைக்காக வேறொருவரை உட்கார வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: மழை ஓய்ந்த மாலையில், வாழ்வின் விளிம்பில் நின்ற அந்த மனிதர்...

(சீ, கண்றாவி. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: லிஃப்ட் மெக்கானிக் தோள்வலி என்று வந்தார். மனைவியும் கூட வந்தார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கதாநாயகருக்கு வாயே இல்லை. அவர் பங்கையும் சேர்த்து மனைவியே பேசினார். தூக்கம் எப்படி என்று நர்ஸ் கேட்டால், தெருவே விழித்திருக்கிற மாதிரி குறட்டை என்று பதில் மனைவியிடமிருந்து வந்தது. பசியைக் கேட்டால், கொஞ்ச நாளாகத் தட்டில் பாதியை மிச்சம் வைக்கிற திமிரைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினார்.

(மனைவியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்.)

3

நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இவருக்கா? சாகுறதுக்குக்கூட நான்தான் எழுப்பி அனுப்பணும்" என்றார் மனைவி. மெக்கானிக் சிரித்தார். நானும் சிரித்து, நல்ல வரி என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. இதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று மனைவியை வெளியே உட்காரச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு வழக்கமே இல்லை என்று அவர் நகர மறுத்தார். சரி, அடுத்த அறையில் எடை பார்க்கலாம் வாங்க என்று நைச்சியமாகக் கூப்பிட்டால், தன் எடை தனக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

"இப்படிக் கேட்டுக் கேட்டே இல்லாத நெனப்ப உண்டாக்கிடாதீங்க சிஸ்டர்."

"கேக்குறதால வராதும்மா. இருந்தா, சொல்ல ஒரு எடம் கெடைக்கும்."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் தரையில். மனைவி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாவம், எனக்கு அந்த அம்மாள்மேல் பாசம் வந்தது அப்போதுதான்.

4

முடிவு ஒன்று: "அதெல்லாம் இல்ல" என்கிறார், தைலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். (உங்களைத் திருப்தியாக அனுப்ப நான் விட்ட புளுகு.)

முடிவு இரண்டு: ஓவென்று அழுகிறார், டாக்டர் ஓடி வருகிறார், மனைவி கட்டிக்கொள்

(இதுவும் என் கைவேலைதான்.)

பாதியில் நிறுத்தியபோதுதான் உறைத்தது. மனைவி எழுந்துபோன நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த மனிதரை வாய் திறக்கவே விடவில்லை.

நர்ஸ் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கேட்டார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று.

"வேல முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புறப்ப, சில நாள்..."

நானும் வெளியே போகிறேன். பெஞ்சில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நர்ஸுக்கு ஒரு அவசரமும் இல்லை. நீங்கள் வேண்டுமானால் உள்ளேயே இருங்கள். அந்த வாக்கியத்தை மட்டும் அவரே முடிக்கட்டும்.